மூளைக்குக் காந்தம் வைத்தால் அம்மாவின் கை வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் தேறிவிட்டது, கம்பு இல்லாமல் நடக்கிறார். கைதான் வரவில்லை. தோளைத் தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார், விரிக்கத்தான் திணறுகிறார். தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டினால் 20 சிட்டிங்கில் கை சரியாகும் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டும். தம்பியோ, தலையில் மாட்டும் கரண்ட் கருவி ஆன்லைனிலேயே கிடைக்கிறது, வாங்கிவிடலாம் என்கிறான். என்ன செய்ய?
— தென்காசியிலிருந்து ஒரு வாசகி

பதில்: நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘20 சிட்டிங்கில் கை சரியாகும்’ என்று சொல்லும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை.

நீங்கள் கேட்பது இரண்டு வேறு கருவிகளைப் பற்றி. காந்தக் கருவியின் பெயர் டி.எம்.எஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் 1985இல் செய்து காட்டியது. எட்டு வடிவக் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, தலைமேல் வைத்து ‘டக்’கென்று ஒரு காந்தத் துடிப்பைச் செலுத்துவார்கள். கையை இயக்கும் இடத்தில் அது சரியாகப் பட்டால், மறுபக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்: தான் அசைக்காத விரல் தன் கண்ணெதிரே ஆடினால் வேறென்ன செய்வது? தம்பி சொல்லும் கருவி டி.டி.சி.எஸ். ஈரமான இரண்டு பட்டைகள் வழியாக 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரம், ஏறக்குறைய 20 நிமிடம். விரல் எதுவும் துள்ளாது, பட்டை வைத்த இடத்தில் கொஞ்சம் குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் பின்னால் இருந்த யோசனை ஒன்றே. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அம்மாவின் வலது கையை இயக்குவது இடது பாதி. அது அடிபட்டதும் வலது பாதியை அடக்க ஆளில்லை. வலது பாதி ஓங்கி, ஏற்கெனவே நொந்த இடது பாதியை மேலும் அமுக்குகிறது. ஆகவே நல்ல பாதியை மெதுவான துடிப்புகளால், அதாவது நொடிக்கு ஒன்றாக, தணிக்கலாம். இல்லையென்றால் அடிபட்ட பாதியை வேகமான துடிப்புகளால் உசுப்பலாம். கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2005இல் ஹம்மல், கோஹன் குழுவினர் பக்கவாதம் வந்த வெறும் 6 பேருக்கு டி.டி.சி.எஸ் கொடுத்து, கை வேலை சற்று வேகப்பட்டதைக் காட்டியபோது இந்தத் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சிக்கல் பெரிய சோதனைகளில் வந்தது. அமெரிக்காவில் 12 மையங்களில் நடந்த ‘நிச்’ ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. 199 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள். உங்கள் அம்மா அந்த வரம்புக்குள்தான் வருகிறார். ஒவ்வொருவரின் எம்.ஆர்.ஐ படத்தையும் வழிகாட்டியாக வைத்து, நல்ல பாதியில் நொடிக்கு ஒரு துடிப்பு. ஆறு வாரத்தில் 18 சிட்டிங், ஒவ்வொன்றோடும் ஒரு மணிநேரக் கைப்பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சிதான், காயில் மட்டும் போலி. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கையை மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் நிஜக் காயில் பிரிவில் 67 சதவீதம், போலிக் காயில் பிரிவில் 65 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். காந்தம் தோற்றது என்பது பாதிச் செய்திதான். போலிக் காயில் வைத்த நூறு பேரில் 65 பேர் தேறியிருக்கிறார்களே, அது எதனால்? அந்த ஆறு வாரமும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கையை வேலை வாங்கியதற்கு அதில் பெரும் பங்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அண்மையில் டி.டி.சி.எஸ்ஸை 129 பேரிடம் சோதித்த ‘டிரான்ஸ்போர்ட் 2’ ஆய்விலும் இதே கதைதான். 2 மில்லி ஆம்பியர், 4 மில்லி ஆம்பியர், போலி என்று மூன்று பிரிவு, எல்லோருக்கும் கைப்பயிற்சி. பெரிய ஆபத்து எதுவுமில்லை, ஆனால் கரண்டால் கூடுதல் பலனும் இல்லை.

அப்படியானால் டி.எம்.எஸ் கொடுப்பவர்கள் எதை வைத்துப் பேசுகிறார்கள்? அவர்கள் பக்கமும் ஒரு ஆதாரம் உண்டு. 2020இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று, பக்கவாதம் வந்த ஆரம்ப மாதங்களில் நல்ல பாதியைத் தணிக்கும் முறைக்கு உயர்ந்த தரச்சான்றே கொடுத்திருக்கிறது. இதற்கு அடிப்படை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். இன்னொன்று, எல்லா மூளையும் ஒன்றல்ல. சேதம் பெரிதாக இருப்பவர்களுக்கு அந்த நல்ல பாதிதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று இப்போது பலர் கருதுகிறார்கள். முட்டுக்கொடுப்பதைப் போய்த் தணிக்கலாமா? ஆள் பார்த்து, படம் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. வருகிறவர்கள் எல்லோருக்கும் 20 சிட்டிங் பேக்கேஜ் எழுதினால் எனக்குச் சந்தேகம் வரும்.

டி.எம்.எஸ்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பக்கவாதம் வந்த புதிதில் ஒரு துடிப்பு கொடுத்து, கைத்தசையில் பதில் வருகிறதா என்று பார்த்தால் மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை மிஞ்சியிருக்கிறதா என்பது தெரியும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் கை எவ்வளவு மீளும் என்று முன்கூட்டிச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், கை விஷயத்தில் இந்தக் கருவிக்கு இன்றுள்ள உறுதியான வேலை இதுதான்.

சரி, அம்மாவுக்கு வருவோம். மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கி எவ்வளவு விரிக்கிறார் என்று பாருங்கள். ஏறக்குறைய 10 டிகிரி வந்தாலே கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். 2006இல் வெளியான ‘எக்ஸைட்’ ஆய்வு அப்படிப்பட்ட 222 பேரை, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதத்துக்குள், எடுத்துக்கொண்டது. நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் நலிந்த கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட அது தெளிவாகக் கூடுதல் பலன் தந்தது. லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணிநேரம் கைப்பயிற்சி தருகிறார்கள். பக்கவாதம் வந்து வருடம் கடந்தவர்களும் அதில் தேறுகிறார்கள். ‘ஆறு மாதத்துக்கு மேல் கை வராது’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம் வீடுகளில் தினம் பத்து நிமிடம் கையை நீட்டி மடக்கிவிடுவதோடு பிசியோதெரபி முடிந்துவிடுகிறது. அது மூட்டு இறுகாமல் காக்கும், கை வேலையைக் கற்றுத்தராது. அன்றாட வேலைகளைக் கை மறுபடி கற்கப் பயிற்சி தருகிற ஒரு நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்டைத் தேடுங்கள். நகைப் பணத்தில் ஒரு பகுதியை அங்கே செலவழித்தால் நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கையைக் கட்டிப்போடும் பயிற்சியை அவர் பார்த்த பிறகே தொடங்குங்கள். அதுவும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், நடக்கும்போது வேண்டாம், விழுந்துவிடுவார். மற்றபடி வீட்டில் இருக்கும் சாமான் போதும். காலி டம்ளரைப் பிடித்துத் தள்ளி வைப்பது, துணி கிளிப்பை அமுக்கித் திறப்பது, கொட்டைக்கடலையை ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பிடிப்பது சீக்கிரம் வரும், விடுவதுதான் கஷ்டம். டம்ளரைப் பிடித்த கை அதை விடும்வரை பொறுமையாகக் காத்திருங்கள், நீங்கள் பிடுங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் காந்தச் சிகிச்சை எடுக்க ஆசை இருந்தால் அங்கே கேளுங்கள்: ஒவ்வொரு சிட்டிங்கோடும் எத்தனை நிமிடக் கைப்பயிற்சி? எந்தப் பாதியில், எதற்காக? கையை மதிப்பெண் போட்டு எழுதி வைப்பீர்களா? ‘காயில் மட்டும்தான்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, எப்போதாவது ஃபிட்ஸ் வந்தது, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். டி.எம்.எஸ்ஸில் ஃபிட்ஸ் அபூர்வம்தான், ஆனால் பக்கவாதம் வந்த மூளைக்கு ஏற்கெனவே அந்த வாய்ப்பு அதிகம். தம்பியின் ஆன்லைன் கருவி வேண்டவே வேண்டாம். பட்டை காய்ந்தால் தோல் வெந்துவிடும், எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்லவும் ஆளில்லை.

தோளில் வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், வலிக்கிற தோளோடு எந்தப் பயிற்சியும் ஓடாது. அப்புறம், கட்டிலிலிருந்து அவரை எழுப்பும்போது அந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குங்கள்.