லாக்டேட் இறங்கியும் பேஸ் டெஃபிசிட் இறங்காதபோது

வணக்கம் டாக்டர். பைக் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து வந்த இளைஞருக்கு முதலில் பேஸ் டெஃபிசிட் (இரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் காரத்தின் பற்றாக்குறை) 9, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள்) 4.8 இருந்ததாகவும், இரத்தமும் மூன்று லிட்டர் நார்மல் சலைனும் (உப்புநீர்) ஏற்றியபின் லாக்டேட் 2.1-க்கு இறங்கியும் பேஸ் டெஃபிசிட் 8-இலேயே நிற்பதாகவும், எதை நம்பி உறவினரிடம் பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குளோரைடு அளவைப் பாருங்கள். நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு இருப்பதால், இரத்தத்தில் குளோரைடு உயர்ந்து, ஆனயான் இடைவெளி (லாக்டேட் போன்ற அமிலங்கள் சேர்ந்தால் கூடும் கணக்கீடு) இயல்பாக இருந்தால், எஞ்சியிருக்கும் அமிலத்தன்மை பெரும்பாலும் நாம் ஏற்றிய திரவத்தால் வந்ததே. ஆனால் இடுப்பெலும்பு முறிவில் இரத்தக்கசிவு வெளியே தெரியாமல் தொடரக்கூடும்; அதை மறுபடியும் தேடிப் பார்க்காமல் சலைன் மீது மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

இரத்த அழுத்தம் சரியாக இருந்தது என்பதற்காக முதல் அளவீட்டை ஒதுக்க வேண்டாம். 2018-இல் வந்த ஏடிஎல்எஸ் (விபத்துக் காய சிகிச்சைக்கான மருத்துவர் பயிற்சிக் கையேடு) பத்தாம் பதிப்பில், 6 முதல் 10 வரையிலான பேஸ் டெஃபிசிட், நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை இரத்த இழப்பைக் குறிக்கிறது. அதைவிட, லாக்டேட் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். 1993-இல் 76 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் இயல்புக்குத் திரும்பியவர்கள் அனைவரும் பிழைத்தனர். சிறிய ஆய்வுதான், தனி ஒருவரின் விதியை அதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் மது அருந்தியிருந்தாரா என்றும் விசாரியுங்கள், அதுவும் இரண்டு அளவுகளையும் கூட்டும்.

உறவினரிடம், சிகிச்சைக்கு உடல் ஒத்துழைக்கிறது, ஆபத்து இன்னும் நீங்கவில்லை, அடுத்த பரிசோதனைகளைப் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்வதே நேர்மையானது.