வாசகர் கேள்விகள்: ராஜம் கிருஷ்ணன் தன் கதையை எங்கே வைத்தார்?

கேள்வி: மற்ற பெண் எழுத்தாளர்களைப் படித்தால் அவர்கள் வளர்ந்த வீடும் தெருவும் தெரிகிறது. எங்கள் மாவட்டத்து முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணனோ உப்பளம், மீனவர் குப்பம், சம்பல் கொள்ளையர் என்று எங்கெங்கோ போய் எழுதினார். அவருடைய சொந்த வாழ்க்கைக்கும் நாவல்களுக்கும் சம்பந்தமே இல்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சம்பந்தம் இருக்கிறது, ஆனால் கதைச் சம்பவங்களில் தேடினால் கிடைக்காது. 1925-இல் பிறந்தவர், பதினைந்து வயதில் கல்யாணம், அதோடு படிப்பு போச்சு, புகுந்த இடம் கூட்டுக்குடும்பம். 1953-இல் கலைமகள் பரிசு பெற்ற ‘பெண் குரல்’ அப்படியொரு கூட்டுக்குடும்பத்துக்குள் புழுங்கும் பெண்ணின் கதைதான். நீங்கள் கேட்கும் ‘வீடு’ அங்கே இருக்கிறது. அதையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தால் அன்றைய பத்திரிகைகள் சந்தோஷமாகப் போட்டிருக்கும், ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை.

கணவர் கிருஷ்ணன் மின்துறைப் பொறியாளர். அணையும் மின்நிலையமும் கட்டுகிற இடங்களுக்கு மாற்றல் வரும், மனைவியும் கூடவே மூட்டை கட்ட வேண்டும். நீலகிரிக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து குளிரைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். இவர் அந்த மலையில் வாழும் படகர்களின் ஹட்டிகளுக்கு, அதாவது அவர்கள் ஊர்களுக்கு, போய்ப் பேசினார், பழகினார், அவர்கள் சடங்குகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தேயிலையும் பணப்பயிரும் மின்திட்டமும் வந்து அந்த வாழ்க்கை எப்படி மாறியது என்பதுதான் ‘குறிஞ்சித்தேன்’. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மலையை மாற்றிய வேலைகளில் ஒன்றைச் செய்தது அவர் கணவர் இருந்த துறை. அந்த வேலையின் பலனை எழுதியவர் மனைவி. என்னைக் கேட்டால் அந்த நாவலின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘களப்பணி நாவலாசிரியர்’ என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஆனால் அந்தக் களப்பணி கணவரின் மாற்றல் உத்தரவில் தொடங்கியது என்பதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பாதையில் பதிந்த அடிகள்’. இவர் தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்து விதவை. தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு விவசாயத் தொழிலாளர்களோடு நின்றவர். அவரைப் பற்றிப் பெரிதாக எழுத்துப் பதிவு இல்லாததால், ராஜம் கிருஷ்ணன் தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். மடியும் ஆசாரமும் ஒரு பெண்ணை எப்படிக் கட்டிப்போடும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லையே! தன் கதை என்று எங்கும் சொல்லாமல் தனக்கு மிக நெருக்கமானதை அவர் எழுதியது இந்த நாவலில்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: ‘கரிப்பு மணிகள்’ எங்கள் ஊர் உப்பளத்தைப் பற்றியது. ஆனால் வெளியூர்க்காரர் வந்து விசாரித்து எழுதினால் அது செய்திக் கட்டுரை மாதிரி ஆகிவிடாதா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: சில பக்கங்களில் ஆகத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியர் மைக்கைப் பிடித்துவிடுகிறார். ஆனால் அந்த நாவலில் உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். வெயிலில் கண் கூசி, உப்பில் கால் வெந்து, கங்காணியின் கை எட்டாத தூரம் பார்த்து நிற்கிற பெண்ணை அவர் எழுதும்போது அது வெறும் விசாரணையாக இல்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. சாயங்காலம் வந்து உலை வைக்கவும் அவளேதான். சம்பளமே இல்லாத வீட்டுவேலையில் வருஷக்கணக்காக இருந்த ஒருத்திக்கு இது உடனே கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளை ஏன் விவசாயி என்று சொல்வதில்லை என்று ‘கோடுகளும் கோலங்களும்’ கேட்பதும் இதே கோபத்தில்தான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர், உசிலம்பட்டிப் பெண்சிசுக்கொலை என்று களம் மாறிக்கொண்டே போனாலும், உழைப்பு யாருடையது, கணக்கு யார் கையில் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

கேள்வி: கடைசிக் காலத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல் முதியோர் இல்லத்தில் இருந்தாரே. அந்தச் சோகம் கதைகளில் முன்னாலேயே தெரிகிறதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இல்லை. கணவர் இறந்தது 2002-இல். முக்கியமான நாவல்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. 2014-இல் போரூர் மருத்துவமனையில் இறந்ததை வைத்து 1970-களின் நாவலுக்குள் கண்ணீர் தேடுவது அவர் உழைப்புக்குச் செய்கிற மரியாதை அல்ல. ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அந்த மனுஷியைப் பற்றிப் பேசுவோமே.

சரி, எதில் தொடங்குவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ‘குறிஞ்சித்தேன்’, பிறகு ‘பாதையில் பதிந்த அடிகள்’. விருது வாங்கியது என்பதற்காக ‘வேருக்கு நீர்’ நாவலை முதலில் எடுக்கவேண்டாம், பாதியில் வைத்துவிடுவீர்கள். அவர் இருக்கும்போதே எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன, அதனால் பல நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகவே கிடைக்கும்.