மூலமா, காரமா? ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரின் கேள்வி பதில்

தரம் 11 மாணவி, உவர்மலை: சேர், பாடநூலில் அமிலத்துக்கு எதிரே ‘மூலம்’ என்று இருக்கிறது. யூடியூப்பில் பார்த்த தமிழ்நாட்டுப் பாடத்தில் ‘காரம்’ என்கிறார்கள். எதை எழுதுவது?

இங்கே இலங்கையில், பரீட்சையில் மூலம் என்றே எழுதுங்கள், பிள்ளை. அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் தருவது நமக்கு மூலம். அதில் நீரில் கரைவதை மட்டும்தான் காரம் என்கிறோம். சோடியம் ஐதரொட்சைட்டு கரையும், அதனால் மூலம், காரம் இரண்டும் அதுதான். செப்பு ஒட்சைட்டு கறுப்புத் தூள். தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் அடியில் போய்த் தங்கிவிடும். ஐதான, அதாவது நீர் சேர்த்த, சல்பூரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள், தூள் மறைந்து நீலக் கரைசல் வரும். அது மூலம், காரம் அல்ல. தமிழ்நாட்டில் முழு வகைக்கும் காரம் என்று பெயர், கரைவது எரிகாரம். செப்பு ஒட்சைட்டை அங்கே காரம் என்றால் சரி, இங்கே எழுதினால் புள்ளி போகும். நம் மூலகத்தை அவர்கள் தனிமம் என்பார்கள். கறியின் உறைப்பை இதற்குள் இழுக்க வேண்டாம்.

அந்த மாணவியின் தம்பி: கணிதத்திலும் மூலம் வருகிறதே?

49 இன் வர்க்கமூலம் 7. வேர் என்ற பொருள் அங்கேதான் நேராக நிற்கிறது. அமிலத்தை மறந்துவிடுங்கள், தம்பி.

ஒரு தாய், நிலாவெளி: மகளுக்கு மூல நட்சத்திரம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சம்பந்தங்கள் தட்டிப்போகின்றன.

27 இல் 19ஆவது நட்சத்திரம், அம்மா, வானத்தில் தேள் உருவ விண்மீன் கூட்டத்தின் வால் பக்கம் இருப்பது. ஓசைக்காகக் கோர்த்த பழமொழியை நம்பி ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கட்டும்.

திட்ட அலுவலர், மூதூர்: அறிக்கைகளில் ‘கரைவலைப்பாடு’ என்று வருகிறது. பாடு என்றால் கஷ்டம்தானே?

கடற்கரையில் இல்லை. ஒரு கரைவலையை வளைத்து இழுப்பதற்குரிய கரைத்துண்டுதான் பாடு. அகப்பட்ட மீனையும் அப்படிச் சொல்வார்கள்; ‘இண்டைக்கு நல்ல பாடு’ என்றால் சந்தோஷப்படுங்கள். கடல் கொந்தளிக்கும் வாடைக்காலத்தில் கேட்டால் நீங்கள் நினைத்த பொருளும் பொருந்தும்.

சென்னையிலிருந்து வந்த மருமகள், உப்புவெளி: மாமா ‘உறுதி தொலைந்துவிட்டது’ என்று தேடுகிறார். என்ன அது?

காணி உறுதி, உங்கள் ஊரில் பத்திரம். மூலப்பிரதி தொலைந்தாலும் பதறத் தேவையில்லை. எழுதிய நொத்தாரிசிடம் ஒரு பிரதி, காணிப் பதிவகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். உறுதி இலக்கமும் திகதியும் எங்காவது குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.