சிவப்புச் சில்லையை எப்படி அடையாளம் காண்பது?

சில்லை என்பது புல் விதைகளைத் தின்று வாழும், தடித்த கூம்பு வடிவ அலகுடைய சிறு பறவை. அவற்றுள் சிவப்புச் சில்லை சுமார் 10 செ.மீ. நீளமே உடையது, சிட்டுக்குருவியைவிடச் சிறியது. சென்னையில் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களின் ஓரத்தில், சம்பும் உயரமான புல்லும் அடர்ந்த இடங்களில், காலை வேளையில் தேடலாம். நான் கண்ணைவிடக் காதையே முதலில் நம்புவேன்: மெல்லிய கீச்சொலி கேட்ட திசையில், காற்றே இல்லாமல் ஒரு புல் தண்டு மட்டும் வளைந்து ஆடினால், அதன் நுனியில் கதிரைக் கொத்தியபடி அது தொற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

இனப்பெருக்கக் காலத்து ஆணின் உடல், குங்குமத்தின்மேல் கோலமாவைத் தூவியதுபோல், சிவப்பில் வெண்புள்ளிகளுடன் இருக்கும். மழைக்குப்பின் புல் விதை பெருகும்போதே அது இணை தேடுவதால், பெண்ணைக் கவர அப்போது இந்த நிறம் தேவைப்படுகிறது. பருவம் முடிந்ததும், முகூர்த்தப் பட்டைக் களைந்து பெட்டியில் வைப்பதுபோல், சிறகுதிர்த்துப் பழுப்புக்கு மாறிவிடும். சில்லைகளின் குடும்பத்தில் இப்படிப் பருவத்துக்கேற்ப உடை மாற்றுவது அரிது.

கூட்டத்திலுள்ள பழுப்புப் பறவைகளை வேறு இனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பிட்டப் பகுதியில் சிவப்பு தெரிந்தால், அவை இதே இனத்தின் பெண்களோ, நிறம் மாறிய ஆண்களோதான்.