கல்லறையைத் தோண்டுகிறவர்கள் மேல் என்ன தப்பு?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம். உலகத்தை அமைத்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நான். கையில் இருப்பது 1981ஆம் வருடத்து பேசிக் விதிப்புத்தகம். காவிய ஃபேன்டஸியாக அமைய வேண்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்து அறுபது பக்கத்துக்கு ஓர் உலகம் எழுதினேன். பன்னிரண்டு அரச வம்சங்கள், ஒரு சாபம், உலகை விழுங்க வரும் ஓர் இருள். நண்பர்களோ இருளைத் தடுக்கப் போகாமல் கல்லறைகளைத் தோண்டித் தங்கம் எடுக்கிறார்கள். பயமும் கொடூரமும் நிறைந்த டார்க் ஃபேன்டஸிக்கு மாறட்டுமா, ‘சோர்ட் அண்ட் சோர்சரி’க்குப் போகட்டுமா? எது சிறந்தது?

பதில்: உங்கள் நண்பர்கள் சரியாகத்தான் ஆடுகிறார்கள். விதிப்புத்தகத்தை நீங்கள்தான் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட், அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும். ஓர்க் என்னும் அரக்கன் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது 10. பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் 1. அதாவது இருநூறு ஓர்க்குகளோடு மோத வேண்டும், இல்லையென்றால் ஒரு நல்ல கல்லறையைக் காலி செய்ய வேண்டும். மந்திரவாதிக்கு முதல் லெவலில் நாளைக்கு ஒரே மந்திரம், உயிரின் அளவான ஹிட் பாயிண்ட் நான்கு பக்க டைஸ் ஒன்றில் விழும் எண்தான். இந்த நிலையில் யார் போய் இருளை எதிர்த்து நிற்பார்கள்? சண்டையைத் தவிர்த்து, ஒளிந்து, ஏமாற்றி, பொக்கிஷத்தோடு ஓடிவருவதுதான் அங்கே புத்திசாலித்தனம். சோர்ட் அண்ட் சோர்சரி என்பதும் அதுதான். கூலிக்கு வாள் தூக்குகிறவர்கள், திருடர்கள், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுகிறவர்கள். நீங்கள் அதற்கு ‘மாற’ வேண்டியதே இல்லை. முதல் சனிக்கிழமையிலிருந்தே அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் விதிகள் எதற்குப் பரிசு கொடுக்கின்றன என்று கேளுங்கள், அதற்குப் பதில் உண்டு. வரைபடமும் வம்சாவளியும் கதையின் வகையைத் தீர்மானிப்பதில்லை. காவியம் வேண்டுமென்றால் நாயகர்கள் மூன்றாம் அறையில் ஒரு விஷ ஊசி குத்திச் சாகக் கூடாது. 1984இல் இதே ஆட்டத்துக்காக டிராகன்லான்ஸ் என்ற காவியச் சாகசத் தொடரை எழுதியவர்களுக்கே இந்தச் சிக்கல் வந்தது. முக்கியப் பாத்திரங்களைப் பின்னால் திரும்பக் கொண்டுவர அவர்கள் தனியாக ஒரு வழி வகுக்க வேண்டியிருந்தது. இந்த ஆட்டத்தின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தங்கத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லை, நாயகர்களும் எளிதில் சாவதில்லை. காவியத்துக்கு அது ஒத்துவரும்.

ஆனால் அந்த ஐந்தாம் பதிப்பில் டார்க் ஃபேன்டஸி ஆட முயலாதீர்கள். ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் இழந்த ஹிட் பாயிண்ட் முழுக்கத் திரும்பிவிடும். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? அதற்கு 1986இல் வந்த வார்ஹாமர் ரோல்பிளே என்ற வேறோர் ஆட்டம் இருக்கிறது. எலி பிடிக்கும் தொழிலாளியாகவோ பிச்சைக்காரனாகவோ தொடங்குவீர்கள். சண்டையில் கை போனால் போனதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தனியாக எழுதினீர்கள், அந்த நான்கு பேரிடம் என்ன ஆட ஆசை என்று ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இந்தச் சனிக்கிழமை டைஸை எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நால்வரும் சொன்னால் விதிப்புத்தகத்தை மாற்றுங்கள்.

கல்லறைதான் வேண்டும் என்றால் அந்த அறுபது பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம். பன்னிரண்டு வம்சம் இருக்கிறதே, அவர்களைக் கொண்டுபோய் அந்தக் கல்லறைகளில் படுக்க வையுங்கள். சாபத்தை ஒரு கிரீடத்தின் மேல் ஏற்றுங்கள். எடுத்து விற்கப் பார்க்கும்போது நண்பர்களே கேட்பார்கள், யார் இந்த அரசன் என்று.