கணினிக் கேள்வி–பதில்: மூன்று புரொபைலர்கள், மூன்று விடைகள்

கேள்வி: அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்குக்கான மென்பொருளைப் பைதன் மொழியில் எழுதி, லினக்ஸ் கணினியில் இயக்கி வருகிறேன். பெரும்போக அறுவடை தொடங்கியதிலிருந்து, விவசாயிகளுக்கான கொடுப்பனவு அறிக்கை வெளிவர 40 வினாடிகள் ஆகின்றன. காரணம் தேடி, நிரலில் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் மூன்று கருவிகளை (புரொபைலர்களை) இயக்கினால், சிபுரொபைல் தரவுத்தள அழைப்பை முதலிடத்தில் வைக்கிறது. பை-ஸ்பை, தொகையை எழுத்தால் எழுதும் ஒரு சிறிய சார்பை (நிரலின் ஒரு வேலையைச் செய்யும் துண்டை) காட்டுகிறது. பெர்ஃப் காட்டுபவையோ பைதன் இயக்கியின் உள்ளே இருக்கும் சி மொழிச் சார்புகளின் பெயர்கள் மட்டுமே. எதை நம்புவது?
— வாசகர், கல்முனை

பதில்: மூன்றையும் நம்பலாம், ஆனால் ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு. நெல் மூட்டையில் ஊசியைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதற்கும் மூட்டையையே கொட்டி எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு ஆலையில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. பெர்ஃபும் பை-ஸ்பையும் ஊசி குத்துபவை: இடையிடையே நிரலை எட்டிப் பார்த்து மாதிரி எடுப்பவை. சிபுரொபைல் கொட்டி எண்ணுவது. ஒவ்வொரு சார்பின் தொடக்கத்தையும் முடிவையும் அது குறித்துக்கொள்வதால், இலட்சக்கணக்கான முறை அழைக்கப்படும் சின்னஞ்சிறு சார்புகள் தமக்குரியதைவிடக் கூடுதலான நேரத்தை எடுப்பனபோல் தோன்றும். சிபுரொபைலோடு இயக்கும்போது உங்கள் அறிக்கைக்கு எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 40ஐத் தாண்டும் பகுதி கருவியின் சுமை.

அடுத்தது, காத்திருப்பு. சிபுரொபைல் சுவர்க்கடிகார நேரத்தை அளக்கிறது; ஆகவே தரவுத்தளத்தின் பதிலுக்காக நிரல் சும்மா இருந்த நேரமும் அதில் சேரும். பெர்ஃப் வழக்கமான முறையில் செயலி வேலை செய்யும் நேரத்தில் மட்டுமே மாதிரி எடுக்கிறது. பை-ஸ்பையும் சும்மா இருக்கும் இழைகளை (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத் தொடர்களை) இயல்பாகவே விட்டுவிடும். ஐடில் என்ற விருப்பத்தேர்வைச் சேர்த்தால்தான் அவற்றையும் காட்டும். உங்கள் மூன்று விடைகளும் முரண்பட்டதன் பெரும்பகுதி இவ்வளவுதான்.

நான் பரிந்துரைப்பது ஐடிலோடு இயக்கிய பை-ஸ்பையை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மூடித் திறக்காமல் வெளியிலிருந்தே அதன் நினைவகத்தைப் படிப்பதால், அறுவடை நெரிசலிலும் ஆலையின் வேலை பெரிதாகத் தடைப்படாது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு மாதிரியிலும் முழு அழைப்பு அடுக்கையும், அதாவது எந்தச் சார்பு எதை அழைத்தது என்ற தொடர் முழுவதையும், தருகிறது. தரவுத்தளம் மெதுவானது என்று அறிவதால் பயனில்லை. அதை யார், எந்தச் சுழற்சிக்குள் இருந்து அழைக்கிறார் என்பதே தேவை. ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் (கேள்வி) போவதாக அடுக்கு காட்டினால், அவற்றை ஒரே வினவலாக்கிவிடலாம். சிபுரொபைல் அழைத்தவர், அழைக்கப்பட்டவர் என்ற சோடியை மட்டுமே வைத்திருக்கும். இரண்டு படி மேலே போனால் தடம் மறைந்துவிடும். 1982இல் வெளிவந்த ஜிபுரொஃப் என்ற பழைய புரொபைலர் இன்னும் ஒரு படி போய், எல்லா அழைப்புகளும் ஒரே அளவு நேரம் எடுப்பதாகக் கொண்டு, அழைப்பு எண்ணிக்கைப்படி நேரத்தைப் பங்கிட்டுவிடுகிறது. பத்து மூட்டைக்காரருக்கும் ஆயிரம் மூட்டைக்காரருக்கும் ஒரே கணக்கு!

பெர்ஃபில் பைதன் பெயர்களே வேண்டுமென்றால், 2023இல் வந்த பைதன் 3.12 முதல் அதற்கான வசதி உண்டு. அடுக்கு பாதியில் அறுந்து தெரிந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அடுக்கைப் பின்தொடர உதவும் ஃபிரேம் பாயின்டர் என்ற குறிப்பை வேகத்துக்காக நீக்கியிருக்கக்கூடும். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பு தன் பொதிகளில் அதை மீண்டும் இயல்பாகச் சேர்த்துவிட்டது. நிரலோடு வரும் பிழைதிருத்தத் தகவலைப் பயன்படுத்தும் டுவார்ஃப் முறையிலும் அடுக்கைப் பெறலாம். ஆனால் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் 8192 பைட்டு அடுக்கு நினைவகம் பிரதியெடுக்கப்படுவதால், கோப்பு விரைவில் பருத்துவிடும். கால்கிரைண்ட் என்ற இன்னொரு புரொபைலர் உங்களுக்கு வேண்டாம்: நிரல் 50 மடங்கு வரை மெதுவாகும்.

கேள்வி: பெர்ஃபை வினாடிக்கு 99 முறை மாதிரி எடுக்கச் சொல்லுமாறு பல வழிகாட்டிகள் கூறுகின்றன. ஏன் 100 ஆகாது?
— மாணவி, வந்தாறுமூலை

பதில்: நிரலுக்குள் 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலை ஏதேனும் இருந்தால், 100 என்ற வேகம் அதனோடு ஒத்திசைந்து, அந்த வேலையையே எப்போதும் பிடிக்கும், அல்லது ஒருபோதும் பிடிக்காது. 99இல் அந்த ஒத்திசைவு கலைந்துவிடும்.