டக்கார் பாடகர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க இசை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு செனகல் பாடகர் யூசு என்டூரின் 'செவன் செகண்ட்ஸ்' கேட்டேன். மூன்று நாளாக அதே பாட்டுதான். அந்த ஆர்வத்தில் அவருடைய பழைய செனகல் பாடல்களைத் தேடிப் போட்டால் ஒரே மேள இரைச்சல். தாளம் போடக்கூட முடியவில்லை. பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியல் போன்றவர்கள் தூக்கிவிடாவிட்டால் இவரை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நமக்குத் தெரிந்திருக்காது. செனகலின் தலைநகர் டக்காருக்குத் தெரிந்திருக்கும். 1986இல் கேப்ரியலின் 'இன் யுவர் ஐஸ்' பாட்டின் முடிவில் யூசு செனகலின் வோலோஃப் மொழியில் குரலெடுத்தபோது, ஊரில் ஏற்கெனவே பெரிய நட்சத்திரம்.

1959இல் டக்காரின் மெதினா பகுதியில் பிறந்தவர். அம்மா வழியில் கிரியோ மரபு. நம் பாணர்களைப்போலக் குலப்பெருமை பாடுவது பரம்பரைத் தொழில். அப்பா மெக்கானிக், மகன் பாடப்போவதில் அவருக்கு விருப்பமில்லை. பையனோ மீசை முளைக்கும் வயதிலேயே ஸ்டார் பேண்ட் என்ற டக்கார் இசைக்குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று டக்கார் கிளப்புகளில் கியூப இசைக்குத்தான் மவுசு. கல்யாணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும் தெருவில் அடித்துக்கொண்டிருந்த சபார் மேளத்தை அந்த மேடையில் ஏற்றி, வோலோஃபில் பாடிய தலைமுறை அவருடையது. அந்த இசைக்கு ம்பலாக் என்று பெயர்.

நீங்கள் இரைச்சல் என்று சொல்வது இதைத்தான். சபாரை ஒரு கையில் குச்சியும் மறுகை வெறுங்கையுமாக அடிப்பார்கள். பல சபார்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். கூடவே தாமா என்று ஒரு சின்ன மேளம், கக்கத்தில் இடுக்கி வாசிப்பது. உடுக்கையில் கயிற்றை அழுத்துவதுபோலக் கக்கத்தை இறுக்கினால் சுருதி ஏறும், யாரோ குறுக்கே பேசுவதுபோல இருக்கும். கீபோர்டுகூட அங்கே மேளத்தின் வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் தாளம் போட வேண்டாம். தாமாவின் பின்னாலேயே ஒரு பாட்டு முழுக்கப் போய்ப் பாருங்கள்.

1994இல் ஸ்வீடன் பாடகி நெனே செரியோடு பாடிய 'செவன் செகண்ட்ஸ்' நல்ல பாட்டுதான், நானும் அதில்தான் விழுந்தேன். ஆனால் அது மேளத்தை அடக்கி வாசித்த பாட்டு. அவர் வெகுகாலம் இரண்டு கணக்கு வைத்திருந்தார்: ஊருக்குக் கேசட், உலகத்துக்கு ஆல்பம். ஊர்க் கணக்கின் கனம் வேறு. 1990இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'செட்'. வோலோஃபில் சுத்தம் என்று பொருள். அந்த வருஷங்களில் டக்கார் இளைஞர்கள் தெருத்தெருவாகக் குப்பை அள்ளி, சுவர்களில் படம் வரைந்தார்கள். அந்த இயக்கத்துக்கே 'செட் செட்டால்' என்றுதான் பெயர். பிறகு பத்திரிகை, டிவி எல்லாம் நடத்தினார். 2012இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கப்போக, மனு தள்ளுபடியானது. அதே வருஷம் கலாச்சார அமைச்சரானார். (அமைச்சராக என்ன கிழித்தார் என்று கேட்காதீர்கள், பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்.)

ஓரிடத்தில் உங்கள் சந்தேகம் செல்லும். 2004இல் 'ஈஜிப்ட்' ஆல்பத்தில், கெய்ரோ இசைக்கலைஞர்களோடு சேர்ந்து செனகலின் சூஃபி ஞானிகளைப் பாடினார். கிளப்பில் ஆடவைக்கிறவர் ஞானிகளைப் பாடுவதா என்று ஊரில் முகம் சுளித்தார்கள். மறுவருஷம் அதற்கு கிராமி விருது கிடைத்ததும் காற்று திசை மாறியது. அதில் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியமும் வயலின்களும்தான் முன்னால் நிற்கும். உங்கள் காதுக்கு அங்கிருந்து தொடங்குவது சுலபம்.